ஆளைப் பார்க்காதீர்கள், கணக்கைப் பாருங்கள்

முதலீட்டு மோசடியில் ஒருவர் பணத்தைப் பறிகொடுத்தார் என்று செய்தி வந்தால், “பேராசை பெருநஷ்டம்” என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடுகிறோம். பறிகொடுத்தவருக்கு அது இரண்டாவது அடி. பறிகொடுக்காதவருக்கு அதைவிடக் கெடுதல். “எனக்குத்தான் பேராசை கிடையாதே, என்னை யார் ஏமாற்ற முடியும்?” என்ற பொய்த் தைரியத்தை அது கொடுத்துவிடுகிறது. சென்னையிலும் கோவையிலும் சைபர் குற்றப் பிரிவுக்குப் புகாரோடு போகிறவர்களில் ஓய்வுபெற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், மருத்துவர்கள் இருக்கிறார்கள், மென்பொருள் பொறியாளர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் முதலீட்டு மோசடிகளில் 650 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக எஃப்பிஐ அமைப்புக்குப் புகார்கள் போயிருக்கின்றன. படிப்பும் விவரமும் இருந்தால் போதும் என்றால் இந்தத் தொகை இவ்வளவு பெரிதாகியிருக்காது. பணி ஓய்வில் கிடைத்த தொகையை வங்கியில் போட்டுவைத்து, வரும் வட்டி விலைவாசிக்கு ஈடுகொடுக்கவில்லை என்று கண்டு, கொஞ்சம் கூடுதலாக வந்தால் தேவலை என்று ஒருவர் நினைப்பது பேராசை ஆகாது. அது குடும்பம் நடத்துகிறவரின் நியாயமான கவலை.

மோசடிக்காரர்களின் கைப்பிடி வேறு இடத்தில் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலில் நாம் ஆளைப் பார்த்து எடைபோடுகிறவர்கள். தெரிந்த முகமா, பேச்சில் மரியாதை இருக்கிறதா, நாலு பேர் சேர்ந்திருக்கிறார்களா, முதல் தடவை சொன்னபடி நடந்துகொண்டாரா என்ற நான்கையும் பார்த்துத்தான் நகைச்சீட்டிலிருந்து நிலப் பேச்சுவரை முடிவு செய்து பழகியிருக்கிறோம். கைபேசித் திரையில் இந்த நான்கையும் பணம் செலவழித்துத் தயார் செய்துவிடலாம். அவர்களால் தயார் செய்ய முடியாத ஒன்று உண்டு. பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியிடம் பதிவுபெற்ற ஒரு நிறுவனத்தின் பெயரில் அவர்களால் வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. திரையில் தெரியும் ஆளை ஆராய்வதை விட்டுவிட்டு, பணம் எந்தக் கணக்கில் போய் விழுகிறது என்று பார்ப்பதுதான் உருப்படியான தற்காப்பு. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போவது இதைத்தான்.

ஆளையும் இடத்தையும் பார்த்து நம்புவது முன்பும் நம்மைக் காப்பாற்றவில்லை. 1990களில் தேக்கு மரத் திட்டங்களும் நிதி நிறுவனங்களும் தமிழ்நாட்டில் கடை விரித்தபோது, அவற்றுக்கு அலுவலகம் இருந்தது, பத்திரிகையில் விளம்பரம் இருந்தது. அவை அடுத்தடுத்துக் கைவிரித்தன; அந்தக் காலத்தில்தான் 1997இல் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் விழுந்தன. பணம் போட்டவர்கள் பண்ணையை நேரில் போய்ப் பார்த்தவர்கள்தான், கோழியைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான். கோழி உண்மை, அந்தக் கோழியை விற்று மாதாமாதம் அவ்வளவு பணம் தரலாம் என்ற கணக்குதான் பொய். 1920இல் பாஸ்டன் நகரில் சார்லஸ் போன்சி 45 நாளில் 50 சதவீத லாபம் என்று சொல்லி, பின்னால் வந்தவர்களின் பணத்தை முன்னால் வந்தவர்களுக்குக் கொடுத்த காலத்திலிருந்து இந்தக் கணக்கு மாறவில்லை. இன்றைய சமூக ஊடக மோசடியில் கோழியும் இல்லை, கொட்டகையும் இல்லை. முன்பு குறைந்தபட்சம் போய் நின்று சத்தம் போட ஒரு வாசல் இருந்தது. இப்போது அதுவும் கிடையாது.

முதலில் முகம் வருகிறது. ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஒரு வீடியோ. நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ஒரு முதலீட்டுத் தளத்தைப் பரிந்துரைக்கிறார், அல்லது பெரிய தொழிலதிபர் ஒருவர் பேசுகிறார். 2023 டிசம்பரில் தன் பெயரில் உலவிய இப்படி ஒரு வீடியோ போலி என்று ரத்தன் டாடாவே அறிவிக்க வேண்டியிருந்தது. 2024 ஏப்ரலில் தேசியப் பங்குச் சந்தை, தன் தலைமை நிர்வாகி ஆஷிஷ்குமார் சௌகான் பங்குகளைப் பரிந்துரைப்பதுபோல வந்த வீடியோக்கள் செயற்கை நுண்ணறிவால் செய்யப்பட்டவை என்று எச்சரித்தது. குரல், உதட்டசைவு, கண் சிமிட்டல் எல்லாம் பொருந்தும். உதடு சரியாக அசைகிறதா என்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்கிறார்கள். அந்த யோசனைக்கு ஆயுள் குறைவு. போலி செய்யும் கருவிகள் மாதத்துக்கு மாதம் தேறிக்கொண்டே வருகின்றன. வீடியோ உண்மையா போலியா என்ற கேள்வியே உங்களுக்கு வேண்டாம். நிதியமைச்சரோ பங்குச் சந்தைத் தலைவரோ நிஜமாகவே சொன்னாலும், பணம் போடுவதற்கு அது போதுமான காரணம் ஆகாது.

“இவ்வளவு பெரிய கம்பெனி பொய் விளம்பரத்தை வெளியிடுமா?” என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான், நாளிதழில் விளம்பரம் வந்தால் யாராவது சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பிப் பழகியவர்கள் நாம். ஆனால் 2025 நவம்பரில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியைப் பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டாவின் உள் ஆவணங்களில், 2024ஆம் ஆண்டு வருமானத்தில் சுமார் 10 சதவீதம் மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருள்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று மதிப்பிடப்பட்டிருந்தது. விளம்பரதாரர் மோசடிக்காரர் என்பது 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் இருந்தால் விளம்பரக் கட்டணத்தைக் கூட்டுவது என்பதே நடைமுறை என்றும் அந்தச் செய்தி சொன்னது. ஆவணங்கள் ஒருதலைப்பட்சமாக எடுத்துக்காட்டப்பட்டுள்ளன, அந்த மதிப்பீடு மிகையானது என்று மெட்டா மறுத்தது. மறுப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், திரையில் ஒரு விளம்பரம் வந்துவிட்டது என்பது யாரோ அதைச் சோதித்தார்கள் என்பதற்கு அத்தாட்சி ஆகாது என்ற அளவில் விஷயம் தெளிவு.

முகத்துக்குப் பிறகு கூட்டம். விளம்பரத்தைத் தொட்டதும் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ ஒரு குழுவில் சேர்க்கப்படுகிறீர்கள். அங்கே ஒரு “பேராசிரியர்” இருப்பார், அவருக்கு ஒரு பெண் உதவியாளர் இருப்பார். காலை ஒன்பதே காலுக்குச் சந்தை திறப்பதற்கு முன்பே பாடம் ஆரம்பமாகிவிடும். முதல் இரண்டு வாரம் பணத்தைப் பற்றிப் பேச்சே வராது. விலை வரைபடத்தை எப்படிப் படிப்பது, எந்தத் துறை ஏறும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுப்பார்கள். மூன்றரைக்குச் சந்தை முடிந்ததும் லாபப் படங்கள் வந்து கொட்டும். ஒருவர் 14,000 என்பார், இன்னொருவர் 62,000 என்பார், மூன்றாமவர் “சாருக்கு நன்றி, பொண்ணு ஃபீஸ் கட்டிட்டேன்” என்பார். உதவியாளர் தனியாகச் செய்தி அனுப்பி, சாப்பிட்டீர்களா, முழங்கால் வலி தேவலையா என்று விசாரிப்பார். தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு அந்த விசாரிப்பின் மதிப்பு என்ன என்று மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. குழுவில் 150 பேர் என்றால் அதில் நிஜமான ஆட்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவர்களே. மற்றவை ஒரே கூடத்தில் உட்கார்ந்திருக்கும் சிலர் இயக்கும் எண்கள். மோசடிக் கூடங்களோடு தொடர்புடைய 68 லட்சம் கணக்குகளை 2025இன் முதல் ஆறு மாதத்தில் நீக்கியதாக வாட்ஸ்அப்பே அறிவித்தது. அந்தக் கூடங்களில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிறவர்களில் பலர் வேலை என்று ஏமாற்றி அழைத்துப்போய் அடைத்துவைக்கப்பட்டவர்கள். மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. மியான்மரின் மியாவாடியில் சிக்கிய தமிழ்நாட்டு இளைஞர்கள் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். உங்களிடம் அன்பாகப் பேசுகிற ஆளே அடிமையாக இருக்கலாம். அதனால் அவர் குரலில் இருக்கும் பரிவை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது.

இப்போது கணக்குக்கு வருவோம். முதலில் பெருக்கல் கணக்கு. “ஒரு நாளைக்கு 3 சதவீதம்தான், அதிகமா கேட்கல” என்று பேராசிரியர் பணிவாகச் சொல்வார். காதுக்குச் சின்ன எண்ணாகத்தான் இருக்கிறது. வருடத்துக்கு ஏறக்குறைய 250 நாள் சந்தை நடக்கிறது. நாளுக்கு 1 சதவீதம் என்று வைத்து, லாபத்தையும் சேர்த்துப் போட்டுக்கொண்டே வந்தால் 1 லட்சம் ஒரு வருடத்தில் 12 லட்சம் ஆகும். 3 சதவீதம் என்றால் அதே 1 லட்சம் ஒரு வருடத்தில் 16 கோடி ஆகும். இந்த வித்தை தெரிந்தவருக்கு உங்களுடைய 50,000 எதற்கு? தன் வீட்டுப் பாத்திரத்தை அடகு வைத்துக் கிடைக்கும் பணத்தில் ஆரம்பித்தாலே அவர் சில வருடத்தில் நாட்டை வாங்கிவிடுவாரே. நிஜச் சந்தையில் என்ன நடக்கிறது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் பங்கு சார்ந்த எஃப் அண்ட் ஓ (எதிர்கால, விருப்ப ஒப்பந்த) வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது, செலவு போக 1 லட்சத்துக்கு மேல் லாபம் பார்த்தவர்கள் ஒரு சதவீதம்தான் என்று செபியின் 2024 செப்டம்பர் ஆய்வு காட்டியது. சட்டப்படி, நிஜமான புரோக்கர் வழியாக, சொந்தக் கண்ணால் பார்த்துச் செய்தவர்களின் நிலை இது. தினமும் தவறாமல் லாபம் என்கிறவர் இந்த 93 பேரையும் தாண்டிப்போனவர் என்று நம்புவதைவிட, அவர் சந்தைக்கே போகவில்லை என்று நினைப்பதுதான் அறிவுக்குப் பொருந்தும்.

இதற்கு வரும் மறுப்பு வலுவானது, அதை அலட்சியப்படுத்தக் கூடாது: “நான் 10,000 போட்டேன், 13,000 ஆச்சு, 5,000 எடுத்தேன், வங்கிக் கணக்குக்கு வந்துடுச்சு. கையில வந்த பணம் பொய்யா?” பணம் பொய்யில்லை. ஆனால் அது லாபமும் இல்லை. தூண்டிலில் குத்திய புழுவும் உண்மையான புழுதான். உங்கள் 10,000த்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்து 10 லட்சத்துக்கு உங்களைத் தயார் செய்கிறார்கள். அவர்கள் பார்வையில் அது விளம்பரச் செலவு. மீதி 8,000 இருப்பதாகக் காட்டுகிற செயலி, ஒரு எண்ணை எழுதிக்காட்டும் சிலேட்டுப் பலகை. அவர்கள் விரும்பியதை அழித்து எழுதலாம். ஆப்பிள் ஸ்டோரிலோ ப்ளே ஸ்டோரிலோ இருந்துதானே இறக்கினேன் என்றால், போலிகள் அங்கேயும் நுழைந்து சில வாரம் இருந்துவிட்டுப் போவது நடக்கிறது. நிஜமாகப் பங்கு வாங்கியிருந்தால் அதன் தடயம் அந்தச் செயலிக்கு வெளியே, அவர்கள் கை எட்டாத இடங்களில் விழும். புரோக்கரிடமிருந்து 24 மணி நேரத்துக்குள் ஒப்பந்தச் சீட்டு மின்னஞ்சலில் வரும். பங்குகள் என்எஸ்டிஎல் அல்லது சிடிஎஸ்எல் என்ற இரண்டு காப்பகங்களில் ஒன்றில் உங்கள் பெயரில் ஏறும். அங்கிருந்து குறுஞ்செய்தியும், பரிவர்த்தனை நடந்த மாதத்துக்கான ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையும் வரும். செயலியில் 8 லட்சத்துக்குப் பங்கு இருக்கிறது, காப்பக அறிக்கையில் ஒன்றுமே இல்லை என்றால் உங்களிடம் பங்கு இல்லை. அவ்வளவுதான்.

புதுப் பங்கு வெளியீட்டை வைத்து நடக்கும் சுரண்டலைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரிய தொகைகள் பறிபோவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். “வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர் ஒதுக்கீட்டில் ஐபிஓ வாங்கித் தருகிறோம், கண்டிப்பாகக் கிடைக்கும்” என்பார்கள். நீங்கள் 100 பங்கு கேட்டு விண்ணப்பிப்பீர்கள். இரண்டு நாளில் செயலியில் பட்டாசு வெடிக்கும்: உங்களுக்கு 4,000 பங்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, வாழ்த்துகள், மீதி 18 லட்சத்தை நாளை மாலைக்குள் கட்டவும். கட்டாவிட்டால் கணக்கு முடக்கப்படும், இதுவரை போட்ட பணமும் போகும், சிபில் மதிப்பெண் கெடும். உதவியாளர் பெண் அழாத குறையாக, தானே 2 லட்சம் கடன் தருகிறேன், மீதியை நகையை வைத்தாவது புரட்டுங்கள் என்பார். பதறியடித்து ஓடுகிறவர்கள் ஓடுவது இங்கேதான். நிஜமான முறை தெரிந்திருந்தால் இந்தப் பதற்றம் வராது. நாம் ஐபிஓவுக்கு விண்ணப்பிக்கும்போது பணம் நம் கணக்கை விட்டு வெளியே போவதே இல்லை. நம் வங்கியிலேயே, நம் பெயரிலேயே நிறுத்திவைக்கப்படுகிறது. பங்கு ஒதுக்கப்பட்டால் அந்த அளவுக்கு மட்டும் பிடிப்பார்கள், இல்லையென்றால் அப்படியே விடுவித்துவிடுவார்கள். கேட்டதற்கு மேல் ஒரு பங்கு கூட யாரும் ஒதுக்க முடியாது. நிறையப் பேர் கேட்டால் சிறு முதலீட்டாளர்களுக்குள் குலுக்கல். வெளிநாட்டு நிறுவன முதலீட்டாளர்களுக்கான வழியில் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் நுழைய முடியாது என்று செபி 2024 பிப்ரவரியில் பொது அறிவிப்பே கொடுத்தது. “நிறுவனக் கணக்கு”, “விஐபி ஒதுக்கீடு” என்ற சொற்கள் காதில் விழுந்தால் அதோடு பேச்சை நிறுத்திவிடலாம்.

பணத்தை எடுக்கப் போகும்போது கடைசிக் கத்தி. 40 லட்சம் இருப்பதாகச் செயலி காட்டும். எடுக்க வேண்டுமென்றால் முதலில் லாபத்தில் 20 சதவீதம் வரி கட்டு என்பார்கள். அந்த எண் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தது; குறுகிய காலப் பங்கு லாபத்துக்கு 2024 ஜூலை முதல் வரி 20 சதவீதம் என்பது உண்மை. அதனாலேயே விவரம் தெரிந்தவர்களும் சறுக்குகிறார்கள். ஆனால் இந்தியாவில் வசிப்பவரின் பங்கு லாபத்துக்கான வருமான வரியைப் புரோக்கர் வசூலிப்பதில்லை. நீங்களே உங்கள் பான் எண்ணில், வருமான வரித் துறையின் தளம் வழியாக அரசுக்குக் கட்டுகிறீர்கள். இன்னும் எளிதாகக் கேட்கலாம்: என் பணம் 40 லட்சம் உங்களிடம்தானே இருக்கிறது, வரியை அதிலேயே கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்களேன்? இதற்கு மட்டும் அவர்களிடம் பதில் இருக்காது. “விதி இல்லை” என்பார்கள். வைத்திருக்கும் பணத்திலிருந்து கழிக்க முடியாது என்கிறவரிடம் கழிப்பதற்குப் பணமே இல்லை.

இத்தனை தூரம் வருவதற்கு முன்பே, முதல் ரூபாய் அனுப்பும் இடத்திலேயே எல்லாம் வெளிச்சமாகிவிடும் என்பதால்தான் வங்கிக் கணக்கைப் பாருங்கள் என்கிறேன். குழுவின் பெயர் ஏதோ உலகப் புகழ்பெற்ற முதலீட்டு நிறுவனத்தின் பெயராக இருக்கும். அனுப்பச் சொன்ன கணக்கு யார் பெயரில் இருக்கிறது? ஏதோ ஒரு ஜவுளிக் கடை, ஒரு டிரேடர்ஸ், ஒரு தனி மனிதர், எங்கோ ஒரு மாநிலத்தில் ஒரு கிளை. அடுத்த வாரம் பணம் அனுப்பப் போனால் கணக்கு எண் மாறியிருக்கும். ஏன் மாறுகிறது? போன வாரக் கணக்கின் மீது வேறு யாரோ புகார் கொடுத்து அது முடக்கப்பட்டிருக்கிறது. காசுக்கு வாடகைக்கு விடப்பட்ட கணக்குகள் அவை. கமிஷனுக்கு ஆசைப்பட்டு ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் ஒப்படைத்த சிறு வியாபாரிகளும் கல்லூரி மாணவர்களும் அவற்றின் பெயரளவு உரிமையாளர்கள். பணம் விழுந்த சில நிமிடத்தில் பத்துக் கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். முகத்தைச் செய்யலாம், செயலியைச் செய்யலாம், கூட்டத்தைச் செய்யலாம். பணம் மட்டும் நிஜமான வங்கியில், நிஜமான ஒரு பெயரில்தான் விழுந்தாக வேண்டும். அந்தப் பெயரை உங்களுக்குக் காட்டுவது மோசடிக்காரர் அல்ல, உங்கள் வங்கி. யுபிஐயில் பணம் அனுப்பும் முன் பெறுபவர் பெயர் தெரிவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளிலும் கணக்கு எண்ணைக் கொடுத்தால் உரிமையாளர் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் கொண்டுவர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பெயர் திரையில் தோன்றும் இரண்டு விநாடியில் விரலை எடுத்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். “ஆற்றில் போட்டாலும் அளந்து போடு” என்று நம் பெரியவர்கள் சொன்ன இடத்தில், எந்த ஆறு என்பதையும் பார்த்துப் போட வேண்டிய காலம் இது.

பெயரை மட்டும் பார்த்தால் போதுமா, பெயரைப்போலவே பெயர் வைத்து ஒரு கம்பெனி தொடங்கிவிட மாட்டார்களா என்று கேட்கலாம். தொடங்குவார்கள், ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அதற்காகத்தான் 2025 அக்டோபர் 1 முதல் செபி இரண்டு ஏற்பாடுகளைக் கொண்டுவந்திருக்கிறது. முதலாவது, பதிவுபெற்ற புரோக்கர்களுக்கும் மியூச்சுவல் ஃபண்டுகளுக்கும் தனி யுபிஐ முகவரி. அதில் @ குறியை ஒட்டி ‘வேலிட்’ என்ற ஆங்கிலச் சொல்லும் வங்கியின் பெயரும் வரும். குறிக்கு முன்னால் புரோக்கர் என்றால் ‘பிஆர்கே’, மியூச்சுவல் ஃபண்ட் என்றால் ‘எம்எஃப்’ என்ற எழுத்துகள் இருக்கும். பணம் செலுத்தும் திரையில் பச்சை முக்கோணத்துக்குள் கட்டைவிரல் உயர்த்திய சின்னம் தெரியும். இரண்டாவது, ‘செபி செக்’ என்ற சோதனை வசதி. யுபிஐ முகவரியையோ, கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையுமோ கொடுத்தால், அது பதிவுபெற்ற நிறுவனத்துடையதா என்று சொல்லிவிடும். இவற்றை அவர்கள் அனுப்பும் படத்திலோ வீடியோவிலோ பார்க்காதீர்கள். பச்சை முக்கோணத்தைப் படமாக வரைந்து அனுப்ப ஒரு நிமிடம் போதும். உங்கள் கைபேசியில், உங்கள் வங்கிச் செயலியில், நீங்களே தட்டிப் பார்த்தது மட்டும்தான் கணக்கில் சேரும். பதிவு எண்ணுக்கும் இதே விதி. ஐஎன்ஏ, ஐஎன்எச், ஐஎன்இசட் என்று தொடங்கும் எண்ணோடு முத்திரை போட்ட சான்றிதழை அனுப்புவார்கள். எண் நிஜமானதாகக்கூட இருக்கும், வேறொருவரிடமிருந்து திருடியது. செபியின் தளத்தில் அந்த எண்ணைத் தேடி, அங்கே உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களாக அழைத்துக் கேளுங்கள். ஆலோசகராகப் பதிவு பெற்றவர் கட்டணம் வாங்கலாமே தவிர, முதலீட்டுப் பணத்தைக் கையில் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு, அதை மறைப்பது நேர்மை ஆகாது. பணம் சரியான புரோக்கரிடம், உங்கள் பெயரிலேயே இருந்தும் நீங்கள் ஏமாற்றப்படலாம். யாருக்கும் தெரியாத ஒரு சிறு கம்பெனியின் பங்கை மலிவாக வாங்கிக் குவித்துக்கொண்டு, யூடியூபிலும் டெலிகிராமிலும் அதைப் பற்றிப் பொய்ச் செய்தி பரப்பி, மக்கள் வாங்கி விலை ஏறியதும் விற்றுவிட்டு வெளியேறுவது ஒரு முறை. சாதனா பிராட்காஸ்ட் என்ற நிறுவனத்தின் பங்கில் யூடியூப் வீடியோக்களை வைத்து இப்படி நடந்தது என்று 2023 மார்ச்சில் செபி இடைக்கால உத்தரவு போட்டது. அங்கே நீங்கள் பார்க்க வேண்டியது பங்கின் வரலாறு: நேற்றுவரை யாரும் சீண்டாத பங்கு இன்று எல்லாச் சேனலிலும் வந்தால், உங்களுக்கு விற்கத்தான் அந்தச் சத்தம். கிரிப்டோ வழியாகக் கேட்டால் விஷயம் இன்னும் சுருக்கம். உண்மையான ஒரு சந்தையில் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோ நாணயத்தை வாங்கச் சொல்லி, அதை ஒரு நீண்ட எழுத்து முகவரிக்கு மாற்றச் சொல்வார்கள். அந்த முகவரிக்குப் பெயரே கிடையாது. பெயர் தெரியாத கணக்குக்கு அனுப்பாதே என்ற ஒரே விதி அங்கேயும் செல்லும்.

“என் மச்சினனே மூணு மாசமா போட்டுக்கிட்டு இருக்கான், அவன் பொய் சொல்வானா?” என்ற மறுப்புதான் எல்லாவற்றிலும் கடினமானது. மச்சினன் பொய் சொல்லவில்லை. அவர் இன்னும் எடுக்கப் போகாதவர், அல்லது சிறு தொகை மட்டும் எடுத்துப் பார்த்தவர். அவருடைய உறுதி, ஏமாந்தது தெரியாத காலத்தின் உறுதி. உறவுக்காரர் சொன்னால் சந்தேகப்படுவது மரியாதைக் குறைவாகத் தோன்றும். நம் ஊரில் இந்தத் தயக்கம் உண்மையானது, அதைக் கேலி செய்து பயனில்லை. அவரைச் சந்தேகிக்க வேண்டாம், அவரோடு சேர்ந்து பாருங்கள். “மாப்ள, நீ அனுப்பின கணக்கு யார் பேர்ல இருக்குன்னு ஒரு தடவை எடுத்துப் பார்க்கலாமா? உன் காப்பக அறிக்கையில அந்தப் பங்கு இருக்கான்னு பார்ப்போம்” என்று கேட்டால் அவமானம் யாருக்கும் இல்லை. அவரையே காப்பாற்றியவர் ஆவீர்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், அந்த நிமிடம் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். வங்கிக்குத் தனியாகவும் சொல்லுங்கள், தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவும் செய்யுங்கள். பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிக்கொண்டிருக்கும்போதே வழியில் நிறுத்தினால்தான் உண்டு; நாளைக்குப் பார்க்கலாம், மகன் வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்று தள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் நிறுத்தக்கூடிய தொகை குறைந்துகொண்டே போகிறது. வங்கி ஈடுகட்டிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். மூன்று வேலை நாளுக்குள் புகார் கொடுத்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்ற ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கை, உங்களுக்குத் தெரியாமல் எடுக்கப்பட்ட பணத்துக்கானது. ஏமாந்தே ஆனாலும், நீங்களே கடவுச்சொல் போட்டு அனுப்பிய பணத்துக்கு அது பொருந்தாது. கோபத்தில் குழுவை விட்டு வெளியேறாதீர்கள், செயலியை அழிக்காதீர்கள், உரையாடலை நீக்காதீர்கள். ஒவ்வொரு பரிவர்த்தனை எண், அனுப்பிய கணக்கு எண், பேசிய தொலைபேசி எண் எல்லாவற்றையும் படம் பிடித்து வையுங்கள். புகார் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். முடக்கப்பட்ட தொகை உங்களுக்குத் திரும்பி வர நீதிமன்ற உத்தரவு தேவைப்படலாம், அப்போது அந்த எண்தான் முதல் ஆவணம். இதற்கிடையில் இன்னோர் அழைப்பு வரும்: நாங்கள் சைபர் நிபுணர்கள், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணமாக 15 சதவீதம் மட்டும் கட்டுங்கள். நீங்கள் ஏமாந்த விவரம் அவருக்கு எப்படித் தெரிந்தது? ஏமாந்தவர்களின் பட்டியலும் விற்கப்படுகிறது. மீட்டுத் தருகிறேன் என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும், அவருடைய கணக்கின் பெயரையும் எழுதி அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏமாந்தவர் வாய் திறக்க எடுத்துக்கொள்ளும் நேரம்தான் மோசடிக்காரருக்குக் கிடைக்கும் அவகாசம். திட்டு விழும், மருமகள் முன்னால் தலை குனிய வேண்டும் என்ற பயத்தில் அப்பாவோ அம்மாவோ பத்து நாள் மறைத்து, அந்தப் பத்து நாளில் போனதை மீட்கலாம் என்று இன்னும் 3 லட்சம் கட்டியிருப்பார்கள். அவர்கள் சொல்லும்போது யார் தப்பு என்று பேச ஆரம்பிக்காதீர்கள். “எந்த நேரத்தில் அனுப்பினீங்க, எந்த வங்கிக்கு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, போனை எடுத்து 1930 அழுத்துங்கள்.